மோட்டார் சைக்கிளின் இருக்கை: மென்மையும் சௌகரியமும்

ஊர் ஊராகச் சென்று பணியாற்றும் சுகாதார ஊழியர், விவசாய விரிவாக்க அலுவலர், கால்நடை மருத்துவ உதவியாளர் ஆகியோருக்கு மோட்டார் சைக்கிளின் இருக்கையே பாதி அலுவலகம் எனலாம். தொலைவிலுள்ள பள்ளிக்கு நாள்தோறும் வண்டியில் சென்று திரும்பும் ஆசிரியர்களின் நிலையும் இதுவே. வண்டி வாங்கும்பொழுது எஞ்சினின் திறனையும், பெட்ரோல் செலவையும், விலையையும் நுணுகி ஆராய்பவர்கள் இருக்கையைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை. சில மாதங்கள் சென்று, இடுப்பு வலியும் தொடை மரத்துப்போதலும் தோன்றிய பின்னரே, வேறோர் இருக்கையை வாங்கிப் பொருத்தலாமா என்னும் எண்ணம் எழுகிறது. தில்லியின் கரோல் பாக் போன்ற கடைவீதிகளில் இத்தகைய மாற்று இருக்கைகள் பலவிதமாக விற்கப்படுகின்றன. வாங்க வருபவர் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார். எது அதிகமாக அமுங்குகிறதோ அதற்கே பணம் கொடுக்கிறார். இந்தச் சோதனை பெரும்பாலும் தகாத இருக்கையையே தேர்ந்தெடுத்துத் தரும். அதற்கு உடலியலிலும் பௌதிகத்திலும் தக்க காரணங்கள் உள்ளன.

நாம் நிமிர்ந்து அமரும்பொழுது உடலின் எடையைத் தாங்குபவை, இடுப்பெலும்பின் அடியில் இருபுறமும் புடைத்து நிற்கும் இரண்டு முனைகளாகும். இவற்றை அமர்வு எலும்புகள் என்று அழைப்போம். மரப்பலகையில் உட்கார்ந்து உள்ளங்கைகளை அடியில் செலுத்தினால் இவை கையில் தட்டுப்படும். இவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையேயுள்ள தூரம் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை இருக்கும். பெண்களுக்குச் சராசரியில் சற்று அதிகம். தத்தம் அளவை அறிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. நெளி அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சமமான பலகையின்மீது வைத்து, அதன்மேல் சற்றே முன்குனிந்து ஒரு நிமிடம் அமர்ந்து எழுந்தால், அட்டையில் இரண்டு குழிகள் பதிந்திருக்கும். அவற்றின் இடைத்தூரத்தை அளந்துகொள்ளலாம். சராசரி காணும் கணக்கைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இஃது ஒரு நல்ல செய்முறைப் பாடமாகவும் அமையும்.

இனி அழுத்தத்தைக் கணக்கிடுவோம். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் கால்களும் கைகளும் ஒரு பங்கைத் தாங்க, 50 கிலோகிராம் இருக்கையின்மீது விழுவதாகக் கொள்வோம். உடல் 500 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இருக்கையைத் தொடுமாயின், சதுர சென்டிமீட்டர் ஒன்றுக்கு 100 கிராம் சுமை ஏறும். இரத்த அழுத்தத்தை அளக்கும் பாதரச அளவில் கூறினால் இஃது ஏறத்தாழ 74 மில்லிமீட்டர். தொடும் பரப்பு 800 சதுர சென்டிமீட்டராக விரிந்தால் இது 46 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். இவை சராசரி அளவுகளே. அமர்வு எலும்புகளுக்கு நேர்கீழே உள்ள அழுத்தம் இதைவிட மிக அதிகமாக இருக்கும்.

அமெரிக்க உடலியல் அறிஞர் யூஜீன் லாண்டிஸ் என்பவர், விரல் நகத்தின் அடித்தோலிலுள்ள தந்துகிகளுக்குள் நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி, அங்குள்ள இரத்த அழுத்தத்தை அளந்து, அம்முடிவுகளை 1930-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இரத்தம் தந்துகிக்குள் நுழையும் முனையில் சராசரி அழுத்தம் 32 மில்லிமீட்டராக இருந்தது. இதற்கு மேற்பட்ட அழுத்தம் வெளியிலிருந்து நெடுநேரம் நீடிக்குமாயின் அவ்விடத்தில் இரத்த ஓட்டம் தடைப்படக்கூடும் என்பது இதன் கருத்து. 32 என்பது தாண்டவே கூடாத எல்லைக்கோடு அன்று. ஆரோக்கியமான உடல் அதைவிடப் பன்மடங்கு அழுத்தத்தையும் சிறிது நேரம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் நாம் அடிக்கடி அசைந்து அமர்வதும், ஒரு மணி நேரம் ஓட்டியபின் எரிச்சல் தோன்றுவதும் தசை தனக்கு இரத்தம் வேண்டுமென்று விடுக்கும் அறிவிப்புகளாகும். நீரிழிவு காரணமாக உணர்ச்சி குன்றியவர்களுக்கு இந்த அறிவிப்பு சரிவரக் கிட்டாது. வண்டியிலிருந்து இறங்கி அரைமணி நேரம் கழிந்த பின்னும் தோலின் சிவப்பு மறையாதிருந்தால், அவர்கள் மருத்துவரைக் காண வேண்டும்.

ஆகவே நல்ல இருக்கையின் முதல் இலக்கணம், எடையை அகன்ற பரப்பில் பரப்புவது. மென்மை இதற்கு ஓரளவு உதவும். அளவு கடந்தால் அதுவே கெடுக்கும். மிக மென்மையான நுரையில் அமர்வு எலும்புகள் அடித்தட்டு வரை புதைந்துபோகின்றன. அதன்பின் ஓட்டுபவர் அமர்ந்திருப்பது நுரையின்மீது அன்று, அடித்தட்டின் மீதுதான். கடையில் இரண்டு நிமிடத்தில் மெத்தென்று இருந்தது சாலையில் அரைமணி நேரத்தில் பலகையாக மாறுவதன் இரகசியம் இதுவே.

இருக்கைகளில் இன்று பெரும்பாலும் பயன்படுவது பாலியூரிதேன் நுரை. இப்பொருளின் இரசாயனத்தை 1937-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லெவர்குசென் நகரில் ஆட்டோ பேயர் என்பவரும் அவருடைய உதவியாளர்களும் கண்டனர். அதற்கு முன்பே, 1929-இல், இங்கிலாந்தில் டன்லப் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ரப்பர்ப் பாலை நுரைக்கக் கடைந்து ரப்பர் நுரையை ஆக்கியிருந்தனர். நம் நாட்டில் தென்னை நாரின்மீது ரப்பர்ப் பாலைத் தெளித்து இறுகச் செய்த மெத்தைப் பலகைகளும் உண்டு. இவை காற்றோட்டமுள்ளவை, எனினும் மோட்டார் சைக்கிளின் குறுகிய இருக்கையில், தனியாக அன்றி, நுரைக்கு அடியில் ஒரு படலமாக இடுவதற்கே ஏற்றவை.

நுரையைப் பற்றிப் பேசும்பொழுது நம் மொழியில் ஒரு குழப்பம் நேர்கிறது. ‘கெட்டியான நுரை’ என்று கடைக்காரர் கூறினால் அது கடினமானது என்றும் பொருள்படும், அடர்த்தியானது என்றும் பொருள்படும், நெடுநாள் உழைக்கக்கூடியது என்றும் பொருள்படும். மொழிபெயர்ப்பாளனுக்கே தொல்லை தரும் சொல் இது. நுரையின் அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் நுரையின் எடை. கடினம் என்பது அதை அமுக்குவதற்கு வேண்டிய விசை. அடர்த்தி மிகுந்தும் மென்மையாக உள்ள நுரையும் உண்டு. அடர்த்தி குறைந்தும் விறைப்பாக உள்ள நுரையும் உண்டு. பின்னது முதலில் உறுதியாகத் தோன்றிச் சில மாதங்களிலேயே நடுவில் பள்ளம் விழுந்துவிடும். நுரை எத்தனை நாள் உழைக்கும் என்பதை ஓரளவு அறிவிப்பது அடர்த்தியே.

அடர்த்தியை அளக்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. இருக்கை தைப்பவரிடமிருந்து அதே நுரையில் நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு துண்டை வாங்கித் தராசில் நிறுத்தால் போதும். அதன் கொள்ளளவு ஒரு லிட்டராதலால், கிராமில் வரும் எண்ணே ஒரு கன மீட்டருக்குரிய கிலோகிராம் எண்ணாகவும் அமையும். 20 கிராம் நிறுப்பது மலிவான மெத்தைகளுக்குரிய நுரை. அதை மோட்டார் சைக்கிளில் இடுவது வீண். 50 கிராமுக்கு மேற்பட்டால் நம்பலாம். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. வெட்டி எஞ்சிய நுரைத் துணுக்குகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த கட்டிகள் இன்னும் அதிக எடை காட்டும். பல நிறத் துணுக்குகள் கலந்திருப்பதைக் கொண்டு இவற்றை அறியலாம். இவை அடித்தளமாக உதவுமேயன்றி மேற்படலமாக உதவா.

கடினத்தைச் சோதிப்பதற்கு ஆலைகளில் ஒரு வட்டத் தகட்டை நுரையின்மீது வைத்து அழுத்துகிறார்கள். நுரையின் உயரத்தில் 25 சதவிகிதம் அமுங்க எவ்வளவு விசை வேண்டும், 65 சதவிகிதம் அமுங்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்து, இரண்டாவதை முதலாவதால் வகுக்கிறார்கள். இவ்வீவு 2-க்குக் குறைந்தால் அந்த நுரை தொடக்கத்தில் எதிர்த்துப் பின்னர்த் திடீரெனத் தாழ்ந்துவிடும் இயல்புடையது. 2.5 அளவில் இருந்தால், முதலில் மெல்ல இடங்கொடுத்துப் பின்னர் உறுதியாகத் தாங்கும். வாங்குபவர் இவ்வளவு நுட்பமாக அளக்க இயலாது. ஆனால் ஒற்றை முழங்காலை இருக்கையின்மீது ஊன்றி, உடலின் முழு எடையையும் அதன்மேல் செலுத்திப் பார்க்கலாம். அடித்தட்டு முழங்காலில் தட்டுப்பட்டால் அந்த இருக்கையை மறுத்துவிடலாம். கட்டைவிரல் தராத உண்மையை முழங்கால் தரும்.

அடுத்து அதிர்வைக் கருதுவோம். வண்டி ஓடும்பொழுது உடலைத் தாக்கும் அதிர்வுகள் இருவகை. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுழன்றால் விநாடிக்கு 50 அதிர்வுகள் எழும். இத்தகைய விரைந்த நடுக்கத்தை எந்த நுரையும் எளிதில் விழுங்கிவிடும். மேடுபள்ளங்களால் எழும் மெதுவான குலுக்கல் வேறு வகையானது. விநாடிக்கு 4 முதல் 8 வரையுள்ள செங்குத்து அதிர்வுகளே மனித உடலை, சிறப்பாக முதுகெலும்பை, மிகுதியாக வருத்துகின்றன. ஏனெனில் அமர்ந்துள்ள உடலின் இயல்பு அதிர்வு அந்த எல்லைக்குள்தான் அமைகிறது. ஊஞ்சலை அதன் போக்கிற்கு ஏற்பத் தள்ளினால் அது மேன்மேலும் உயர்வதைப் போன்றது இது.

சுமையேற்றிய ஒரு வில்லின் இயல்பு அதிர்வைக் கண்டறிய எளிய சூத்திரம் ஒன்று உண்டு. சுமையினால் வில் எத்தனை சென்டிமீட்டர் தாழ்கிறது என்று அளந்து, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால், விநாடிக்குரிய அதிர்வு எண் ஏறத்தாழக் கிடைக்கும். 1 சென்டிமீட்டர் தாழும் வில் விநாடிக்கு 5 முறையும், 4 சென்டிமீட்டர் தாழும் வில் இரண்டரை முறையும் அதிரும். எந்த வில்லும் தன் இயல்பு அதிர்வைப்போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட குலுக்கலையே குறைக்கும். தன் இயல்பு அதிர்வை ஒட்டிய குலுக்கலை அதுவே பெருக்கிவிடும். நுரை இருக்கையில் ஒருவர் அமரும்பொழுது இந்த எண் பெரும்பாலும் 4-ஐ ஒட்டியே அமைகிறது. முதுகெலும்பு அஞ்சும் எல்லையின் வாயிலும் அதுவே! ஆகவே நுரையை மாற்றுவதனால் மட்டும் பள்ளத்தின் குலுக்கல் நீங்கிவிடும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

சென்னையில் 1955-ஆம் ஆண்டு முதல் உருவாகிவந்த புல்லட் வண்டிகளில் சுருள்வில்லிட்ட தனி இருக்கை பொருத்தியவற்றை ஓட்டிப் பழகிய முதியவர்கள் அதை இன்றும் புகழ்வதற்குக் காரணம் இக்கணக்கிலேயே அடங்கியுள்ளது. நுரையைவிட அச்சுருள்விற்கள் அதிகமாகத் தாழக்கூடியவை. அதனால் அவற்றின் அதிர்வு எண் குறைந்து நின்றது. ஆயின் எழும்பிய ஆட்டத்தைத் தணிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. பெரிய பள்ளத்தில் இறங்கினால் ஓட்டுபவரை இரண்டு மூன்று முறை தூக்கிப்போட்ட பின்னரே அடங்கும். இன்றைய வண்டிகளில் இந்த வேலையைப் பின்சக்கரத்தின் அதிர்வுதாங்கிகள் ஏற்றுக்கொண்டுள்ளன. எண்ணெய் கசிந்து செயலிழந்த அதிர்வுதாங்கியை வைத்துக்கொண்டு இருக்கைக்குப் பணம் செலவிடுபவர்கள் பலர். டயரில் காற்று அளவுக்கு மீறி இருப்பினும் இதே துன்பம் நேரும். இருக்கையைக் குறை கூறுமுன் டயரின் காற்றை உற்பத்தியாளர் குறித்த அளவுக்குக் கொணர்ந்து, பின்புற வில்லின் இறுக்கத்தைத் தம் எடைக்கேற்ப அமைத்து, ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது நன்று. இதற்குச் செலவு ஏதுமில்லை.

நுரையைத் தவிர வேறு சில புதுமைகளும் விற்பனைக்கு வருகின்றன. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்திற்காக 1966-ஆம் ஆண்டில் சார்லஸ் யோஸ்ட் என்பவர் உருவாக்கிய நுரை, அழுத்தினால் மெல்லக் குழிந்து மெல்லவே மீளும். இதன் இயல்பு வெப்பநிலையைப் பொறுத்து மாறுவது. தில்லியின் ஜனவரிக் காலையில் இறுகிக் கிடக்கும். மே மாதப் பகலில் தளர்ந்துபோகும். மேற்படலமாக ஓரிரண்டு சென்டிமீட்டர் இடலாமேயன்றி முழு இருக்கைக்கும் இது ஆகாது. கூழ்ப்பொருள் அடைத்த திண்டுகள் அழுத்தத்தை நன்கு பரப்பினும், வெயிலில் நிறுத்திய வண்டியில் வெப்பத்தைத் தேக்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் ஆறாமல் சுடும். குளிர்நாட்டினருக்கு இது குறையாகத் தோன்றாது. நமக்கு இது பெருங்குறை.

காற்றறைகள் கொண்ட திண்டின் வரலாறு சிறப்புடையது. முடங்கிய நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலியில் புண் உண்டாகாதிருக்க அமெரிக்காவில் அமைத்த முறையே பின்னர் மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது. ஒன்றோடொன்று தொடர்புள்ள சிற்றறைகளில் காற்று இடம் மாறுவதால் அழுத்தம் சமப்படுகிறது. வாங்குபவர்கள் இதை விறைக்க ஊதிவிட்டுப் பயனில்லை என்கின்றனர். அமர்ந்த நிலையில் காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றி, எலும்புக்கும் அடிப்பரப்புக்கும் இடையே விரற்கடை அளவு இடம் எஞ்சும்பொழுது நிறுத்த வேண்டும். மலைப்பகுதி ஊழியர் இன்னொன்றும் நினைவிற் கொள்ள வேண்டும். லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு வளிமண்டல அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. சமவெளியில் ஊதிய திண்டு அங்குச் செல்வதற்குள் உப்பி இறுகிவிடும்.

இருக்கையின் பொருளைவிட வடிவமே முக்கியம் என்பது என் கருத்து. பல வண்டிகளின் இருக்கை பெட்ரோல் தொட்டியை நோக்கிச் சரிந்திருக்கும். பிரேக் போடுந்தோறும் உடல் முன்னே வழுக்கி, அகன்ற பின்பகுதியை விட்டுக் குறுகிய முன்பகுதிக்கு வந்துவிடுகிறது. அப்பொழுது எடையைத் தாங்குவன அமர்வு எலும்புகள் அல்ல. அவற்றுக்கு இடையே நரம்புகளும் இரத்தக் குழாய்களும் செல்லும் மென்மையான பகுதியே தாங்குகிறது. மறைவிடங்களில் மரப்பு உண்டாவது இதனாலேயே. கூச்சத்தால் ஊழியர்கள் இதை வெளியிற் கூறுவதில்லை; ஆயினும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. அமரும் இடம் மட்டமாகவும், அட்டையில் அளந்த தூரத்தைவிட இருபுறமும் சில சென்டிமீட்டர் அகலமாகவும், முன்பகுதி தொடைகளை உரசாதபடி குறுகியும் இருத்தல் வேண்டும்.

அகலத்திற்கும் உயரத்திற்கும் எல்லை உண்டு. இருக்கையை 3 சென்டிமீட்டர் உயர்த்தினால் முழங்கால் மடிப்பு தளர்ந்து கால்களுக்கு இதமாயிருக்கும் என்பது உண்மையே. ஆனால் உயரம் குறைந்தவருக்கு நிற்கும்பொழுது பாதம் தரையில் எட்டாது போகும். முன்பகுதி அகன்றாலும் தொடைகள் விலகிக் கால் மேலும் உயரும். சேறும் கூழாங்கல்லும் நிறைந்த தடத்தில், தடுப்பூசிப் பெட்டியோடு நிற்கும் ஊழியர், நுனிவிரலால் தரையைத் தேடிச் சாய்ந்து விழுவது வலியைவிடக் கேடானது. காலணியுடன் அமர்ந்து, இரு பாதங்களின் முன்பாதியாவது தரையில் நன்கு ஊன்றுகிறதா என்று பார்த்த பின்னரே விலை பேச வேண்டும். அதற்கு இடந்தராத இருக்கை எவ்வளவு சுகமாயினும் வேண்டா.

மேலுறையைப் பற்றிச் சில சொற்கள். முரசுத் தோல்போல் இழுத்துத் தைத்த ரெக்சின், அடியிலுள்ள நல்ல நுரையை வேலை செய்ய விடாது. அழகுக்காக இடும் தையல்வரிகள் அமர்வு எலும்புகளுக்கு நேராக வரலாகா. மழைநீரும் அத்தையல் வழியேதான் நுரைக்குள் இறங்குகிறது. கறுப்பைவிட வெளிர்நிறம் வெயிலில் குறைவாகச் சுடும். காற்றோட்டமுள்ள வலைத்துணி விரிப்பு கோடையில் வியர்வையைக் குறைக்கும். அது வழுக்காமல் கட்டப்பட்டிருத்தல் அவசியம்.

பின்னால் அமர்பவரையும் மறத்தல் கூடாது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னமர்பவர் பற்றிக்கொள்ள நிலையான கைப்பிடியும், கால் வைக்கும் மிதியும், ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் இருக்க வேண்டும் என்கிறது. இருக்கையின் குறுக்கே செல்லும் பிடிப்பட்டையே கைப்பிடியாக அமைந்த வண்டிகளில், அப்பட்டை இல்லாத மாற்று இருக்கையை வாங்கலாகாது. இருவர் இருக்கையை நீக்கி ஒருவர் இருக்கையை இடுவதாயின், பதிவுச் சான்றிதழில் கண்ட இருக்கை எண்ணிக்கை மாறுமாதலால், முதலில் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஆயத்த இருக்கை வாங்குவதைவிட, உள்ள அடித்தட்டை வைத்துக்கொண்டு நுரையை மட்டும் மாற்றி அமைப்பது பலருக்குச் சிக்கனமாகவும் பொருத்தமாகவும் இருக்கும். இருக்கை தைப்பவரிடம் அட்டையில் பதிந்த அளவைக் காட்டி, அடியில் உறுதியான நுரையும் மேலே சற்று மென்மையான நுரையுமாக இடச் செய்து, உறையைத் தற்காலிகமாக மட்டும் பொருத்தித் தரச் சொல்லலாம். அந்நிலையில் முக்கால் மணி நேரமேனும் ஓட்டிப் பார்த்து, எங்கு உறுத்துகிறதோ அங்குச் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, மீண்டும் செதுக்கச் செய்தபின் உறையை நிலையாகத் தைக்கலாம். இரும்புத் தகட்டாலான அடித்தட்டாயின், அது மின்கலத்தின் முனைகளைத் தொடாதிருக்கிறதா என்றும், பூட்டு முழுமையாக விழுகிறதா என்றும் நோக்க வேண்டும். எத்தகைய இருக்கையாயினும் மணிக்கு ஒருமுறை இறங்கி ஓரிரு நிமிடமாவது நிற்பது தேவை. தடைப்பட்ட இரத்த ஓட்டம் மீள அவ்வளவு நேரம் ஆகும். ஓட்டிக்கொண்டே சில விநாடிகள் எழுந்து அமர்வது போதாது.

வண்டி அரசாங்கத்திற்கு உரியதாயின், இருக்கையை மாற்றுமுன் மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியைப் பெற்று, கழற்றிய பழைய இருக்கையை இருப்புப் பதிவேட்டில் பதியச் செய்து, ஒப்படைத்ததற்கு இரசீது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.